பழுது பார்த்தல் முதல் மீட்டெடுத்தல் வரை: அச்சக மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு சின்ன அச்சகத்தில் பிழை பார்ப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேகப் பத்திரிகை, கடைப் பலகை, ஊருணி வேலைக்கு வைக்கும் தட்டி, மணிவிழா மலர் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். சுற்றுப்பட்டு ஊர்களில் பழைய வீடுகளைச் சரிசெய்யும் வேலை நிறைய நடக்கிறது. கோயில் வேலைக்கும் குறைவில்லை. அதனால் 'கெட்டதைச் சரியாக்குதல்' என்று பொருள்படும் சொற்களைப் பற்றித் தினமும் யாராவது கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பல பேரிடம் சொல்லிச் சொல்லி, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. "பழுது பார்க்கப்படும்னு பலகையில போடுறோம். பார்த்தா மட்டும் சரியாயிடுமாண்ணே?"

பழுது என்றால் குறை, கெடுதல். தமிழில் பொறுப்பெடுத்துச் செய்கிற வேலைக்கெல்லாம் 'பார்' வந்து ஒட்டிக்கொள்ளும். வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிறோம். என் வேலையையும் 'புரூஃப் பார்ப்பது' என்றுதான் சொல்கிறோம். ஆகவே பலகை சரிதான்.

ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. 'பழுது பார்த்தேன், சரியாகவில்லை' என்று சொல்லலாம். 'பழுது நீக்கினேன், சரியாகவில்லை' என்று சொல்ல முடியாது. பார்ப்பது முயற்சி, நீக்குவது முடிவு. பலகைக்குப் 'பழுது பார்க்கப்படும்' பொருத்தம். வேலை முடிந்து கொடுக்கும் பில்லில் 'பழுது நீக்கப்பட்டது' என்று போடுங்கள். வாங்குகிறவருக்கு அது ஓர் உறுதிமொழி.

2. "ரிப்பேர்னா கெட்டுப்போனதா, சரிபண்றதா?"

இரண்டும்தான். 'வண்டி ரிப்பேர்' என்றால் ஓடவில்லை என்று பொருள். 'வண்டியை ரிப்பேர் பண்ணியாச்சு' என்றால் ஓடுகிறது. பின்னால் வரும் 'ஆயிருச்சு', 'பண்ணியாச்சு' என்ற வினைதான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது. பேச்சில் யாரும் குழம்புவதில்லை. எழுத்தில் வினையை விட்டுவிடும்போது குழப்பம் வரும். தண்ணீர்த் தொட்டியில் 'மோட்டார் ரிப்பேர், 4 நாள்' என்று ஒட்டினால், கெட்டு 4 நாள் ஆயிற்றா, சரியாக 4 நாள் ஆகுமா என்று குடத்தோடு வந்து நிற்கிற அம்மாவுக்குத் தெரியாது. 'மோட்டார் பழுது. சரியாக 4 நாள் ஆகும்' என்று எழுதினால் தீர்ந்தது.

3. "மராமத்து, ரிப்பேர், பராமரிப்பு எல்லாம் ஒண்ணுதானே?"

மராமத்து உருது வழியாக வந்த சொல், மூலம் அரபு. கட்டடம், கண்மாய், மடை, கோயில் மதில் என்று பெரிய, நிலையான பொருள்களுக்குத்தான் அதைச் சொல்கிறோம். மின்விசிறியை யாரும் மராமத்து செய்வதில்லை. ஊர்க்காரர்களே கூடிக் கண்மாயைச் சரிசெய்துகொள்ளும் பழைய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். தமிழக அரசு 2017-இல் அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியபோது, அந்தச் சொல் மறுபடியும் எல்லார் வாயிலும் வந்தது.

பராமரிப்பு கெடுவதற்கு முன்னால் செய்வது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் ஏற்றி, உடைந்த நாட்டு ஓட்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஓடு வைக்கிறோமே, அது பராமரிப்பு. அதை 2 வருஷம் விட்டுவிட்டால் மழைத்தண்ணீர் இறங்கி, ஓட்டைத் தாங்கும் மரச்சரம் உளுத்துப் போகும். அப்புறம் செய்வது மராமத்து.

4. "ஊருணி தட்டிக்கு 'தூர்வாருதல்' போடவா, 'சீரமைப்பு' போடவா?"

என்ன வேலை நடக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். அடியில் படிந்த வண்டலைத் தூர் என்கிறோம். அதை அள்ளிப் போடுவது மட்டும்தான் வேலை என்றால் தூர்வாருதல். கரையைப் பலப்படுத்தி, படித்துறையைக் கட்டி, மழைத்தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலையும் திறந்துவிட்டால் அது சீரமைப்பு.

இதை நான் கொஞ்சம் வலியுறுத்திச் சொல்வேன். செட்டிநாட்டில் பெரிய ஆறு கிடையாது. ஊருணியும் கண்மாயும் மழையை நம்பி வெட்டியவை. வரத்துக்கால் அடைபட்டிருக்கும்போது உள்ளே எத்தனை அடி தோண்டினாலும் தண்ணீர் வராது. தோண்டியதோடு நிறுத்திவிட்டுச் 'சீரமைக்கப்பட்டது' என்று கல்வெட்டு வைத்தால், அடுத்த வருஷம் வரத்துக்காலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வேலை முடிந்ததாகக் கல்லே சொல்கிறதே.

எழுத்து: தூர்வாருதல், சீரமைப்பு. இரண்டிலும் வல்லின 'ற' வராது.

5. "எங்க வீட்டுல சீர்னா கல்யாணச் சீர்தான். வீட்டைச் 'சீர் செய்தோம்'னு எழுதினா தப்பா படிக்க மாட்டாகளா?"

படிப்பார்கள். சீர் என்பதற்கு ஒழுங்கு, சிறப்பு என்று பொருள். பெண்ணுக்குச் சிறப்பாகக் கொடுப்பதும் சீர், குலைந்ததை ஒழுங்காக்குவதும் சீர். வெள்ளிப் பாத்திரமும் எவர்சில்வரும் பரப்பி வைக்கிற ஊரில் 'சீர் செய்தோம்' என்றால் முதல் அர்த்தம்தான் முன்னால் நிற்கும். வீட்டுக்குச் 'சீரமைத்தோம்', 'சீர்ப்படுத்தினோம்' என்று எழுதுங்கள்.

6. "செப்பனிடுதல்னு ரோட்டுக்கு மட்டும் ஏன் போடுறாக?"

செப்பம் என்றால் நேராக, சமமாக இருப்பது. மேடு பள்ளம் ஆன ரோட்டைச் சமமாக்குவதற்கு அது அப்படியே பொருந்தும். கட்டுரையையும் செப்பனிடலாம், வாக்கியமும் ஒரு வழிதானே. வீட்டுக்கும் நகைக்கும் யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் ஒட்டாது.

7. "பழைய வீட்டுல 2 வருஷம் வேலை பார்த்திருக்கோம். புதுப்பித்தல், புனரமைப்பு, மீட்டெடுத்தல்... புதுமனைப் பத்திரிகையில எதைப் போட?"

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பழசில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

மீட்டல் என்ற சொல் நம் பக்கத்தில் வட்டிக்கடையிலிருந்து வருகிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். மீட்டது என்றால் அதே நகை திரும்பி வந்தது என்று பொருள். அதே எடையில் வேறொரு நகையைக் கொடுத்தால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? வீட்டுக்கும் இதே கணக்குத்தான். தூணின் மேல் 4 பூச்சு பெயிண்டைச் சுரண்டி எடுத்து, உள்ளே இருந்த பர்மாத் தேக்கு வெளியே தெரிந்தால் அது மீட்டெடுத்தல். இடிந்து போன சுவரைப் பழைய அளவிலேயே மறுபடி எழுப்பினால் புனரமைப்பு. 'புனர்' என்றால் 'மறுபடி'. தரையைப் பெயர்த்துவிட்டு வேறு தரை போட்டால் புதுப்பித்தல். மூன்றும் நல்ல வேலைகள்தான். ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்காரர்கள் 'பாரம்பரிய முறையில் மீட்டெடுக்கப்பட்ட இல்லம்' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். வாசகம் நீளமாக இருந்ததால் பேசிச் சுருக்கலாம் என்று வீட்டுக்கே போனேன். முகப்பில் சுண்ணாம்புப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது. கையை வைத்தால் சில்லென்று இருந்தது, உள்ளங்கை வழுக்கியது, கிட்டே போனால் என் சட்டையின் நிறம் மங்கலாகத் தெரிந்தது. நூறு வருஷச் சுவர். அழுக்கை மட்டும் எடுத்து அப்படியே விட்டிருந்தார்கள். வளவை, அதாவது உள்முற்றத்தை, தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால், முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தது. அதற்கு மேலே இருந்த பழைய பூச்சு உப்பி, விரல் பட்டதும் பொருக்காக உதிர்ந்தது. சுவரில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் மேலே ஏறிச் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டது. தரையிலும் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டிருந்தார்கள்.

வீட்டு ஆச்சியிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உள்ளதைப் போடுங்க தம்பி" என்றார்கள். 'முகப்பு மீட்டெடுக்கப்பட்டு, இரண்டாம் கட்டு புதுப்பிக்கப்பட்ட எங்கள் இல்லத்தில்' என்று அச்சாயிற்று. நான் பார்த்த பத்திரிகைகளில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. இந்த வீடுகள் அவ்வளவு மதிப்புள்ளவை. எது பழசு, எது புதுசு என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய ஒரு பத்திரிகை வரியாவது இருக்கட்டும்.

8. "ஆத்தங்குடிக் கல்லு மங்கிப் போச்சு. 'பாலிஷ் போடப்பட்டது'ன்னு சொல்லலாமா?"

போட்டிருந்தால் சொல்லுங்கள். ஆனால் ஆத்தங்குடிக் கல்லுக்குப் 'பளபளப்பு ஏறும்' என்பதே வழக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற கல் அது. சூளையில் சுடுவதில்லை. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு தானாக ஏறும். பூட்டிக் கிடந்த வீட்டில்தான் மங்கும். ஆள் குடியேறினால் பாதி சரியாகிவிடும்.

9. "நகைக்கடையில 'அழிச்சுச் செய்யலாம்'ங்கிறாக. அதுவும் ரிப்பேர்லதான சேரும்?"

சேராது. அறுந்த சங்கிலிக்குப் பற்றவைப்பது, மங்கிய வளையலுக்கு மெருகு போடுவது, நகரத்தார் கல்யாணத் தாலியான கழுத்துருவைப் பிரித்துக் கோப்பது, இவைதான் சரிசெய்தல். அழித்துச் செய்தலில் தங்கம் மட்டும் மிஞ்சுகிறது, நகை போய்விடுகிறது. 7-இல் சொன்ன மீட்டலுக்கு நேர் எதிர்ப்பக்கம். 'அழித்து' என்று ஒளிக்காமல் சொல்கிற ஆசாரிகளின் நேர்மை எனக்குப் பிடிக்கும். வீடு இடித்துக் கட்டுகிறவர்களும் 'இடித்துக் கட்டினோம்' என்றே எழுதலாம்.

10. "பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுதல்'னு நோட்டீஸ் அடிக்கணும். ஈயம் விஷம்ங்கிறாகளே, வேற பேர் போடலாமா?"

பூசுவது வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் அதே உலோகம்தான். விஷம் என்று சொல்வது காரீயத்தை. இரண்டுக்கும் பொதுவாக 'ஈயம்' என்று சொல்லிப் பழகியதால் வந்த பயம் இது. நோட்டீஸில் 'வெள்ளீயம் பூசப்படும்' என்று போட்டால் பயமும் போகும், கடைக்காரரும் வேறு உலோகத்தைக் கலக்க யோசிப்பார்.

எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் ஒருவர் வந்து உட்காருவார். குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியால் ஊதுவார். அண்டாவைக் கவிழ்த்துச் சூடேற்றி, நிமிர்த்தி, நவச்சாரத்தூளைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழும், மூக்கை அரிக்கும். வெள்ளீயக் குச்சியை உள்ளே ஓரிடத்தில் தொட்டதும் சொட்டாக உருகும். பஞ்சைச் சுருட்டி அந்தச் சொட்டை ஒரே வீச்சில் சுற்றி இழுப்பார். கறுத்துக் கிடந்த உள்பக்கம் அந்த வீச்சு போன வழியிலேயே நிலா மாதிரி வெளுக்கும். பூசுதல் என்ற சொல் அந்தக் கைவீச்சுக்குத்தான். 'முலாம் போடுதல்' என்று மாற்றிவிடாதீர்கள், அது வேறு வேலை.

11. "அம்மி கொத்துறதுன்னா காயப்படுத்துறதுல்ல? அதை எப்படிச் சரிசெய்யிறதுல சேர்க்க?"

வழவழப்புதான் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பழுது. அரைத்து அரைத்துத் தேய்ந்தால் மிளகாய் வழுக்கும், மசியாது. உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கத்திக்குச் சாணை பிடிப்பதும் இதே மாதிரிதான், கொஞ்சம் இழந்துதான் கூர்மை வரும். கொத்திய அன்று அரைத்த முதல் சாந்தைக் கொட்டிவிடுவது வழக்கம், கல்துகள் இருக்கும்.

12. "கும்பாபிஷேகப் பத்திரிகையில திருப்பணி, ஜீர்ணோத்தாரணம் ரெண்டும் வேணுமா? ஜீரணம்னா சாப்பாடு செரிக்கிறதாச்சே?"

ஜீர்ணம் என்றால் தேய்ந்து நைந்தது. சாப்பாடு வயிற்றில் நைந்து கரைவதால் அதற்கும் அந்தப் பெயர். உத்தாரணம் என்றால் தூக்கி நிறுத்துதல். ஆக, நைந்ததைத் தூக்கி நிறுத்துவது ஜீர்ணோத்தாரணம். திருப்பணி அதைவிட அகலம். பழசைச் சரிசெய்வதும் திருப்பணி, புதிதாக ஒரு மண்டபம் எழுப்புவதும் திருப்பணி. புதுச் சந்நிதி மட்டும் கட்டியிருந்தால் ஜீர்ணோத்தாரணம் என்று போடக்கூடாது, அங்கே நைந்தது எதுவும் இல்லை. இரண்டும் நடந்திருந்தால் திருப்பணி என்ற ஒரே சொல் போதும்.

கும்பாபிஷேகம், அதாவது குடமுழுக்கு, பழுது பார்க்கும் வேலையின் பெயரே கிடையாது. வேலை முடிந்த பிறகு கலசத்து நீரை ஊற்றிச் செய்யும் சடங்கு அது. 12 வருஷத்துக்கு ஒரு முறை என்ற கணக்கு இருப்பதால், சாரம் கட்டியதுமே 'கும்பாபிஷேகம் நடக்குது' என்று பேசுகிறோம். இளையாத்தங்குடி, வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று நகரத்தாருக்கு 9 நகரக்கோயில்கள். அவற்றுக்கு மட்டுமல்லாமல் தமிழ்நாடு முழுக்கப் பல சிவன் கோயில்களுக்குத் திருப்பணி செய்தவர்களின் ஊர் இது. அந்தச் சொல்லை இங்கே சரியாக எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது?

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். மணலைப் பீய்ச்சிக் கல்தூணைச் 'சுத்தம்' செய்தால் சிற்பத்தின் மூக்கும் விரலும் மழுங்கிவிடும். அதைத் திருப்பணிக் கணக்கில் எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது.

13. "சாமிக்கு 'மருந்து சாத்துதல்'னு போட்டிருக்கே, அச்சுப்பிழையா?"

பிழை இல்லை, அப்படியே விடுங்கள். சிலைக்கும் பீடத்துக்கும் இடையில் வைக்கும் அஷ்டபந்தனத்துக்கு மருந்து என்றுதான் பெயர். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய 8 பொருளை இடித்து இளக்கிச் சாத்துவார்கள். சிலை அசையாமல் பிடித்துக்கொள்ளும், அபிஷேகத் தண்ணீர் அடியில் இறங்காது. வருஷக்கணக்கில் அது இறுகி விரிசல் விடும்போது மறுபடி மருந்து.

வேலை நடக்கும் நாளில் சாமியைச் சின்னதாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது பாலாலயம். பத்திரிகையில் இதைப் 'பாலயம்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். பால + ஆலயம், இளங்கோயில்.

14. "மனுஷங்களுக்கு எது சரி? குணமாயிட்டார், தேறிட்டார், சொஸ்தமாயிட்டார்?"

மூன்றும் சரி, அளவு வேறு. பிழைத்தார் என்றால் உயிர் தங்கியது. தேறினார் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு வருகிறது. 'உடம்பு தேறியிருக்கு' என்றால் சதை போட்டிருக்கிறது என்றும் பொருள். குணமானார் என்றால் நோய் போய்விட்டது. சொஸ்தம், வடமொழியில் 'தன்னிடத்தில் இருப்பது' என்ற பொருளிலிருந்து வந்தது. கிறிஸ்தவ வழிபாட்டுத் தமிழில் இன்றும் புழங்குகிறது, மற்றவர்கள் பேச்சில் குறைந்துவிட்டது.

கவனித்தால் இவை எல்லாமே அந்த ஆளே செய்கிற வினைகள். அண்டாவுக்கு ஒருவர் பூசுகிறார், சுவருக்கு ஒருவர் தேய்க்கிறார். மனிதர் தாமே தேறுகிறார், புண் தானே ஆறுகிறது. டாக்டர் குணப்படுத்தினார் என்று சொல்கிறோம், தப்பில்லை. ஆனால் ஒரு முகாம் நோட்டீஸில் 'விபத்தில் அடிபட்டவர்கள் சீரமைக்கப்படுவார்கள்' என்று வந்தது. கை கால் இழந்து வருகிற ஒருவர் படிக்க வேண்டிய வரி அது இல்லை. 'மறுபடி நடக்கப் பயிற்சி தரப்படும்' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள்.

15. "அம்மை போட்ட பிள்ளைக்கு 'குணமாச்சு'ன்னு சொன்னதுக்கு எங்க அப்பத்தா கோவிச்சுக்கிட்டாக. ஏன்?"

அம்மையை நோய் என்று சொல்வதில்லை, அம்மன் வந்திருக்கிறாள் என்பார்கள். வந்தவளை 'குணமாக்கி' அனுப்ப முடியாது. 'அம்மை இறங்கிருச்சு', 'தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றிய அன்று பிள்ளை எழுந்துவிட்டது என்று தெருவுக்கே தெரியும். பள்ளிக்கூட லீவு லெட்டரில் 'அம்மை, இப்போது நலம்' என்று எழுதுங்கள். அப்பத்தாவிடம் அப்பத்தா சொல்லையே சொல்லுங்கள்.

16. "எலும்பு, சுளுக்கு, குழந்தைக்கு உரம்... இதுக்கெல்லாம்?"

எலும்பு கூடும். சுளுக்கை வழிப்பார்கள், எடுப்பார்கள். குழந்தைக்குத் தூக்கும்போது பிசகி உரம் விழுந்தால், அதையும் எடுப்பார்கள். எதற்கும் 'பழுது' வராது.

17. "மணிவிழா மலர்ல எங்க ஐயா காலத்தை எழுதுறோம். பர்மாவுல எல்லாத்தையும் இழந்து, அப்புறம் குடும்பம் 'மறுவாழ்வு பெற்றது'ன்னு போடலாமா?"

மறுவாழ்வு என்ற சொல்லுக்கு இன்று ஓர் அலுவலக வாசனை வந்துவிட்டது. இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்களுக்கு 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது. இலங்கையில் அதையே புனர்வாழ்வு என்பார்கள். குடியிலிருந்து மீள்கிறவர்களுக்கும் மறுவாழ்வு மையம். பர்மாவிலிருந்து திரும்பி, அரசு கொடுத்த இடத்தில் குடியேறியவர்களுக்கும் அது பொருந்தும். காரைக்குடியிலேயே பர்மா காலனி இருக்கிறதே.

உங்கள் ஐயா கதை வேறு மாதிரி. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்து, இங்கே சின்னதாகத் தொழில் தொடங்கியவர். அதற்கு நம் பேச்சில் நல்ல சொல் இருக்கிறது: நொடித்த குடும்பம் தலையெடுத்தது. வேறு யாராவது உதவியிருந்தால் 'கைதூக்கிவிட்டார்' என்று அவரையும் ஒரு வரியில் சேருங்கள். 14-இல் சொன்ன மாதிரி, யார் செய்தது என்பதை வினையே சொல்லிவிடும்.

18. "பங்காளிக கேஸ் முடிஞ்சு, பூட்டின வீட்டைத் திறக்கிறோம். 'ராஜினாமா ஆயிருச்சு'ன்னு பெரியவர் ஒருத்தர் எழுதிக் கொடுத்திருக்காக. இது என்ன?"

ராஜினாமா என்றால் இன்று வேலையை விடுவது. பழைய கோர்ட் தமிழில் அதற்குச் சமரசப் பத்திரம் என்ற பொருளும் உண்டு. 'ராஜி' என்றால் ஒத்துப்போதல். பெரியவர் எழுதியது சரி, ஆனால் இளவட்டங்கள் யாரோ வேலையை விட்டதாகப் படிப்பார்கள். 'ராஜியாகி' என்றோ 'ஒத்துப்போய்' என்றோ போடலாம். ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு இருக்கிற ஊரில் இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும். சுவர் விரிசலைவிட இந்த விரிசல்தான் வீடுகளைப் பூட்டி வைக்கிறது. சின்னப் பிள்ளைகள் 'காய்' விட்ட பிறகு 'பழம்' விடுவதற்கு நிகரான சொல்லைப் பெரியவர்களுக்காக நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

19. "முனீஸ்வரன் கோயில் தெருவுல வாங்கின கதவு பழசு மாதிரி பண்ணினதாம். பில்லுல என்ன எழுதச் சொல்ல?"

அந்தத் தெருவில் உண்மையான பழம்பொருள் நிறைய கிடைக்கிறது. பழைய கதவில் உடைந்த சட்டத்துக்கு மட்டும் புது மரம் கோத்திருந்தால் 'பழுது நீக்கிய பழைய கதவு' என்று எழுதலாம். முழுதும் புது மரத்தில் பழைய வேலைப்பாட்டைச் செதுக்கியிருந்தால் 'பழைய பாணிக் கதவு'. செய்த ஆசாரிக்கும் அதுதான் மரியாதை, அவர் கைவேலை அவர் காலத்தோடு நிற்கும். 7-இல் கேட்ட அதே கேள்வியைக் கடையிலும் கேளுங்கள்.

20. "அப்பச்சி ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டாக. முழுசா குணமாகல, தேறிட்டாகன்னும் சொல்ல முடியல. மலேசியாவுல இருக்க அண்ணன்மாருக்கு என்னன்னு எழுத?"

போன மாதம் ஒரு பெண் வந்து கேட்டது. 'நலம்' என்று எழுதினால் அவர்கள் கிளம்பி வர மாட்டார்கள். 'தேறவில்லை' என்று எழுதினால் பயந்து போவார்கள். 14-இல் உள்ள சொற்களில் எதை வைத்தாலும் கொஞ்சம் கூடியது, இல்லாவிட்டால் குறைந்தது. "அப்பச்சி காலையில என்ன செஞ்சாக?" என்று கேட்டேன். சொன்னதையே எழுதச் சொன்னேன்:

'அப்பச்சி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வேளை கஞ்சி குடிக்கிறார்கள். கைத்தாங்கலாக முகப்பு வரை நடந்து, திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருகிறார்கள். உங்களைக் கேட்டார்கள்.'